ஏடா, நாவா?

மொழி முதலில் வாயில் பிறந்தது; செவியில் வளர்ந்தது; நெடுங்காலம் கழிந்த பிறகே ஏட்டில் ஏறியது. தமிழுக்கும் இதுதான் வரலாறு. ஆங்கிலத்துக்கும் இதுதான் வரலாறு. ஆனால் நம் வகுப்பறைகளில் ஆங்கிலம் மட்டும் ஏட்டில் பிறந்து, நெட்டுருவில் வளர்ந்து, தேர்வுத் தாளில் உயிர் விடுகிறது. பத்தாண்டுகள் ஆங்கிலம் படித்துத் தேறிய இளைஞன், வெளியூரார் ஒருவர் ஆங்கிலத்தில் வழி கேட்டால் நாவெழாமல் நிற்கிறான். குற்றம் அவனுடையதா? மொழியைக் கொடுப்பதாகச் சொல்லி மொழியின் கூட்டை மட்டும் கொடுத்த முறையினுடையதா?

இந்தக் கேள்விக்கு விடையாக ஒரு கற்பித்தற் கொள்கை மேல்நாட்டு ஆங்கில ஆசிரியர்களிடையே கால் நூற்றாண்டாகப் பேசப்பட்டு வருகிறது. பாடநூலின் ஆட்சியைக் குறையுங்கள், கருவிகளின் சுமையை இறக்குங்கள், ஆசிரியரும் மாணவரும் உரையாடட்டும், அந்த உரையாடலிலிருந்தே பாடம் முளைக்கட்டும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் இனிப்பதையெல்லாம் விழுங்கிவிடுவது பகுத்தறிவாளருக்கு அழகன்று. ஆகவே அக்கொள்கையை இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரையில் கொண்டுவந்து நிறுத்தி, உரைத்துப் பார்க்க விழைகிறோம். பொன்னா, பித்தளையா என்பதை உரைகல்தானே சொல்ல வேண்டும்!

ஏன் அந்தக் கரை? தோழர்களே, வளர்ச்சியில் கைதூக்கிவிட வேண்டியவை என்று 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு பொறுக்கியெடுத்த மாவட்டங்களுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை இரண்டே. அவற்றுள் ஒன்று இராமநாதபுரம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று நீளும் அக்கரையில், வீட்டில் முதன்முதலாக எழுத்தறியும் பிள்ளைகள் இன்னும் பலர். அவர்களைச் சூழ்ந்திருப்பது கடல். அந்தக் கடலைப் பற்றிய ஆராய்ச்சியோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலம் மண்டபத்தைத்தான் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இன்றும் அங்கே அதன் மையம் நடக்கிறது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்டு கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அத்தீவுகளின் ஓரம் மூழ்கிப் பாசி எடுத்த பெண்கள், தாம் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதை வேறொருவர் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு ஆளாயினர். கடல் அவர்களுடையது, கடலைப் பற்றிய எழுத்து பிறருடையது! அந்த எழுத்தைப் படிக்கவும், அதற்கு மேல் அதனை எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவும் அவர்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும். ஆகவே அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் முறை பற்றிய பேச்சு ஆசிரியர்களின் தனிப்பேச்சன்று, உரிமைப் பேச்சு.

கொள்கைக்கு வருவோம். நியூசிலாந்தில் பிறந்து ஸ்பெயினில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஸ்காட் தார்ன்பரி என்பவர் 2000-ஆம் ஆண்டில் ஆங்கில ஆசிரியர்களின் பன்னாட்டுச் சங்க இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். படங்களும், ஒலிநாடாக்களும், படியெடுத்த பயிற்சித்தாள்களும் வகுப்பறையில் மலைபோல் குவிந்துவிட்டன, அந்தக் குவியலின் அடியில் மாணவரின் குரல் புதைந்துவிட்டது என்பது அவர் முறையீடு. அதற்கு மாற்றாக அவர் முன்வைத்த முறைக்கு 'டாக்மே' என்று பெயர். 1995-இல் டென்மார்க் நாட்டுத் திரைப்பட இயக்குநர்களான லார்ஸ் வான் டிரையரும் தாமஸ் விண்டர்பெர்க்கும், செயற்கை ஒளி வேண்டாம், வெளியிலிருந்து கொணரும் அலங்காரப் பொருள் வேண்டாம், நடக்கும் இடத்திலேயே கதையைப் படம் பிடியுங்கள் என்று ஓர் அறிக்கை விட்டார்கள். அவ்வியக்கத்தின் பெயரையே தார்ன்பரி இரவல் வாங்கினார். பின்னர் லூக் மெடிங்ஸ் என்பவருடன் சேர்ந்து 2009-இல் அதனை ஒரு நூலாகவும் விரித்தெழுதினார்.

பெயரைக் கவனியுங்கள்! 'டாக்மே' என்ற டேனிய மொழிச் சொல்லுக்குப் பொருள், கேள்வி கேட்காமல் நம்பவேண்டிய கோட்பாடு. திரைப்படக்காரர்கள் தம் பத்து விதிகளுக்கு இட்ட பெயரோ 'கற்பு உறுதிமொழி'! கற்பு என்ற சொல்லை யார் யார்மீது சுமத்துகிறார்கள் என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆகவே நம் காது சற்றுக் கூர்மையடைவதில் வியப்பில்லை. ஒரு மறைநூலைக் கீழே இறக்க வந்தவர்கள் இன்னொரு மறைநூலின் பெயரைச் சூடிக்கொண்டது விளையாட்டுக்காகவே இருக்கலாம். ஆனாலும் விளையாட்டாகத் தொடங்கிய விதிகள் வினையாக முடிந்த கதைகள் உலகில் ஏராளம். பெயரை இத்துடன் விட்டுவிட்டுப் பொருளுக்குள் நுழைவோம்.

மூன்று தூண்கள் மீது நிற்கிறது இக்கொள்கை. உரையாடலே பாடத்தின் உயிர் என்பது முதலாவது. கருவிச் சுமை குறைந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. மாணவர் பேச முயலும்போது எந்தச் சொல்லுக்கும் எந்த வாக்கிய அமைப்புக்கும் தட்டுப்பாடு வருகிறதோ, அதையே அந்த வேளையில் கற்பிக்க வேண்டும் என்பது மூன்றாவது. முன்கூட்டி வரைந்த இலக்கண வரிசைப்படி இன்றைக்கு இறந்தகாலம், நாளைக்கு எதிர்காலம் என்று பங்கிட்டுக் கொடுப்பதை அது ஏற்பதில்லை. பசித்தபோது உணவு, தேவைப்பட்டபோது சொல்.

இம்மூன்றில் முதலாவதையும் மூன்றாவதையும் நாம் இரு கைகளையும் உயர்த்தி வரவேற்கிறோம். ஏன்? நம் பள்ளிகளில் ஆங்கிலம் எப்படி ஓதப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்ல, பொருள் புரிந்ததா என்று கேட்க ஆளில்லை. பொருள் தெரியாமல் ஓசை பிழையாமல் உச்சரித்தால் பலன் உண்டு என்பது யாருடைய வாதம்? கோயிலில் எதை மறுக்கிறோமோ, அதையே பள்ளியில் பயிற்றுவிக்கிறோம். மறைநூல் இருந்தால் அதற்கு இடைத்தரகரும் இருந்தாக வேண்டுமே! அந்த வேலையைக் கடைத்தெருவில் விற்கும் 'கைடு' செய்கிறது. கேள்வி அதிலே, விடையும் அதிலே. படிப்பவர் வேலை ஒன்றே ஒன்று: மாற்றாமல் எழுதிவிடுவது. அப்படிப்பட்ட வகுப்பறையில், 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று ஒரு பிள்ளையைப் பார்த்து ஆசிரியர் கேட்பாரானால், அது மொழிப்பாடம் மட்டுமன்று, புரட்சி!

அந்தப் புரட்சி கடற்கரை வகுப்பு ஒன்றில் எப்படி நடக்கும் என்று ஒரு சிறு காட்சியை உருவகித்துக் காட்டுகிறோம். ஆசிரியை கேட்கிறார்: "வாட் டிட் யுவர் ஃபாதர் பிரிங் டுடே?" சிறுமி தயங்கி, "நத்திங், டீச்சர்" என்கிறாள். "ஒய்?" என்கிறார் ஆசிரியை. "நோ போட். விண்ட்" என்று இரண்டு சொல்லில் முடிக்கிறாள் சிறுமி. ஆசிரியை அவளைத் திட்டவில்லை. கரும்பலகையில் அவள் கருத்தையே முழு வாக்கியமாக எழுதுகிறார்: 'தி போட்ஸ் டிட் நாட் கோ அவுட் பிகாஸ் தி விண்ட் வாஸ் ஸ்ட்ராங்.' உடனே ஒரு பையன் எழுந்து, "என்ன காற்று? கச்சானா, வாடையா?" என்று தமிழில் கேட்கிறான். அடடா, அங்கேதான் பாடம் பிறக்கிறது! கொண்டல், சோழகம், கச்சான், வாடை என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கும் பிள்ளைக்கு 'விண்ட்' என்ற ஒற்றைச் சொல் எப்படிப் போதும்? கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்ற நான்கு திசைகளின் ஆங்கிலப் பெயர்களும் அந்த நொடியில் அவனுக்குத் தேவைப்படுகின்றன. தேவைப்பட்டபோது பெற்ற சொல்லை அவன் மறப்பானா? எங்கோ குளிர்நாட்டில் பனி பொழிவதைப் பற்றிய பாடத்தில் நூறு முறை படித்த சொல்லை மறப்பான். தன் தகப்பன் கடலுக்குப் போகாத காரணத்தைச் சொல்லித்தந்த சொல்லை மறக்கமாட்டான்.

இப்படிக் கற்பிப்பது மேல்நாடு நமக்குப் போட்ட பிச்சை என்று எண்ணிவிடாதீர்கள். இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம், தம் தொடக்கப்பள்ளி நாள்களைப் பற்றிப் பல மேடைகளில் ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். பறவை எப்படிப் பறக்கிறது என்று ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார், பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று, சிறகடித்துத் திரும்பும் பறவைகளைக் காட்டிப் பாடம் நடத்தினார். அது அறிவியல் பாடந்தான், ஆங்கிலப் பாடமன்று. ஆனாலும் எதிரே இருக்கும் உலகே பாடநூல் என்ற உண்மை, டாக்மே என்ற பெயர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தக் கரையில் நடைமுறையில் இருந்தது.

இன்னும் பின்னே போகலாம். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தார். 1797-இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. விரலும் மணலும் போதும்! இதைவிடக் கருவிச் சுமை குறைந்த முறை உலகில் உண்டா? ஆனால் பழம்பெருமை பேசி மயங்குபவர்கள் நாமல்லர். அந்தத் திண்ணைப் பள்ளியின் மணல், ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளையின் விரலுக்குக் கிட்டாத மணல். நெட்டுருவும் பிரம்பும் அங்கேயும் ஆட்சி செய்தன. கருவி எளிதாக இருந்தது; கதவு குறுகலாக இருந்தது. எளிமை மட்டும் விடுதலை ஆகிவிடாது என்பதற்கு அந்தத் திண்ணையே சான்று.

இராமநாதபுரத்தில் ஆங்கிலப் பள்ளி என்பதும் நேற்று வந்ததன்று. 1785-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சமயத் தொண்டர் சுவார்ட்ஸ் முயற்சியில் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் ஏற்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனி அவற்றை ஆதரித்தது. அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் அந்நகரில் இருக்கிறது. கலாம் பயின்றதும் அங்கேதான். இருநூற்று நாற்பது ஆண்டுகள்! இவ்வளவு நெடிய உறவுக்குப் பிறகும் கடலோரச் சிற்றூர்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் அன்னியமாகவே இருக்கிறதென்றால், மொழியைக் குற்றம் சொல்வதா, கொடுத்த கையைக் குற்றம் சொல்வதா?

கொடுத்த கைகள் முயலவில்லை என்று சொல்லமாட்டோம். 1959-இல் சென்னை மாநிலத்தில் ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது அதன் குறி. பயிற்சி பெற்றவர் பிறரைப் பயிற்றுவிக்க, அவர் வேறு பிறரைப் பயிற்றுவிக்க, உருள உருளப் பெருக்கும் பனிப்பந்தைப் போல அது வளரும் என்று எண்ணி அதற்குப் 'பனிப்பந்து' என்றே பெயரிட்டனர். பனியே காணாத நாட்டில் பனிப்பந்து! அதன் உட்பொருள் வாக்கிய அமைப்பு முறை: எளிய அமைப்பிலிருந்து கடினமான அமைப்புக்குப் படிப்படியாக ஏறுவது, ஒவ்வொரு படியிலும் திரும்பத் திரும்பச் சொல்வது. 'திஸ் இஸ் எ புக்' என்று புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை சொல்லிற்று. கையில் இருப்பது புத்தகம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? தெரிந்ததையே சொல்லச் சொன்னால் அது பேச்சா, ஒப்பிப்பா?

இந்த ஐயத்தை நம் மண்ணிலேயே நின்று எழுப்பியவர் ஒருவர் உண்டு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். உலக ஆங்கில ஆசிரியர்கள் 'பெங்களூர்த் திட்டம்' என்று குறிப்பிடுவது அதைத்தான். வாக்கிய அமைப்புப் பட்டியல் இல்லை. மரபான பாடநூல் இல்லை. கரும்பலகை, சுண்ணக்கட்டி, தாள், எழுதுகோல் போதும். ஆனால் வெறும் அரட்டையும் இல்லை. தொடர்வண்டி நேர அட்டவணையைப் படித்து வழி கண்டுபிடித்தல், வரைபடத்தைப் பார்த்துத் தொலைவு கணக்கிடல், நாள்காட்டியைக் கொண்டு முடிவெடுத்தல் என்று சிந்தித்து விடை காணவேண்டிய வேலைகள் தரப்பட்டன. பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போது மொழி தானே உள்ளே படியும் என்பது பிரபுவின் துணிபு. 1987-இல் வெளியான அவருடைய நூலில், செய்திப் பரிமாற்றத்தையும் சொந்தக் கருத்தைச் சொல்வதையும் விட, காரணம் கண்டு முடிவுக்கு வரும் வேலையே தம் வகுப்புகளுக்கு ஏற்றதாக இருந்தது என்று பதிவு செய்திருக்கிறார். பகுத்தறிவே மொழியின் வாயில் என்று இதனை நாம் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

அந்த வழியிலேயே கடற்கரைக்கு ஒரு பாடம் சொல்கிறோம். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை மீன்பிடித் தடை. மொத்தம் எத்தனை நாள்? ஏப்ரலில் 16, மே மாதத்தில் 31, சூனில் 14, ஆக 61. இதை ஆங்கிலத்தில் கணக்கிட்டுச் சொல்லட்டும். அந்த மாதங்களில் ஏன் தடை? மீன் இனம் பெருகும் காலம் என்பதைக் கண்டுபிடிக்கட்டும். வள்ளத்துக்குத் தடை உண்டா, இல்லையா? ஏன்? அந்த நாள்களில் விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் அடுப்பெரிய என்ன வழி? நான்கு கேள்விகள், நான்கிலும் மொழியும் உண்டு, அறிவும் உண்டு, வாழ்வும் உண்டு. இதற்குப் பளபளக்கும் தாளில் அச்சிட்ட நூல் வேண்டியதில்லை.

இனித்தான் உரைகல்லில் அழுத்தித் தேய்க்க வேண்டும். 'கருவிச் சுமையைக் குறையுங்கள்' என்ற இரண்டாவது தூண் இருக்கிறதே, அதன்மேல்தான் நம் வழக்கு.

சுமையைக் குறை என்று யார் யாரிடம் சொல்வது? மேல்நாட்டு மொழி நிலையத்தில் கட்டணம் கட்டிப் படிக்க வரும் வளர்ந்தவருக்கு வீட்டில் நூலும் உண்டு, ஒலிப்பேழையும் உண்டு, தெருவெல்லாம் எழுத்தும் உண்டு. உண்டு கொழுத்தவன் ஒருவேளை பட்டினி கிடந்தால் உடலுக்கு நலம். உணவே காணாதவனிடம் போய்ப் பட்டினியின் பெருமையைப் பேசினால்? பாம்பனில் ஓலைக்குடிசையில் இருக்கும் சிறுமிக்குப் பள்ளி தரும் விலையில்லாப் பாடநூல்தான் வீட்டிலுள்ள ஒரே நூலாக இருக்கக்கூடும். அதை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டு, 'பேசு, அது போதும்' என்று சொல்வோமானால், அது சீர்திருத்தமன்று, பறிமுதல்! செலவைக் குறைக்க வழிதேடும் ஆட்சியாளர் கையில் இந்தக் கொள்கை சிக்கினால் என்னாகும் என்றும் எண்ணிப் பாருங்கள். நூலகத்துக்குப் பணமில்லையா? கருவிச் சுமை குறைந்தது நல்லது. ஆசிரியர் பணியிடம் காலியா? மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கட்டும். ஆண்ட்ரூ பெல்லின் முறை இங்கிலாந்தில் அவ்வளவு விரைவாகப் பரவியதற்கு அது மலிவு என்பதும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக்கூடாது.

இரண்டாவது வழக்கு: உரையாடல் என்பது சமமானவர்களிடையே நடப்பது. நம் வகுப்பறையில் சமத்துவம் கதவைத் திறந்தவுடன் தானே வந்து உட்கார்ந்திருக்கிறதா? கலாம் தம் தன்வரலாற்றில் இன்னொரு நிகழ்ச்சியையும் எழுதியிருக்கிறார். தொடக்கப்பள்ளியில் முன்வரிசையில் பூணூல் அணிந்த நண்பன் அருகே தொப்பி அணிந்த சிறுவன் கலாம் அமர்ந்திருந்ததைப் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், அவரைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார். அந்த நண்பனின் தந்தையே ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார் என்பது ஆறுதல். கடலோரத்தில் பறவையைக் காட்டிப் பாடம் நடத்திய அதே ஊர்தான். பின்வரிசைக்கு விரட்டியதும் அதே ஊர்தான்! பின்வரிசைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையிடம் போய், 'உன் கருத்தைச் சொல்' என்றால் எந்த நாவால் சொல்லும்? கைகட்டி வாய்பொத்தி நிற்பதே பணிவு என்று தலைமுறைகளாகப் பழக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கும், பெரியவர் பேசும்போது இடைபுகாதே என்று அடக்கப்பட்ட பெண்ணுக்கும் உரையாடல் இயற்கையாக வாய்ப்பதன்று, கற்றுத்தரப்பட வேண்டியது. சுதந்திரமாகப் பேசுங்கள் என்று ஆசிரியர் விட்டுவிட்டால், முன்பே பேசத் தெரிந்த மூன்று பிள்ளைகள் பேசுவார்கள். மற்றவர்கள் முன்போலவே ஊமைகளாக இருப்பார்கள். பாடநூலுக்கு ஒரு நற்குணம் உண்டு. அது முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒரே பக்கத்தைத்தான் காட்டுகிறது.

மூன்றாவது வழக்கு ஆசிரியர் பற்றியது. நூலைக் கையில் வைத்துக்கொண்டு நடத்துவது எளிது. வெறுங்கையோடு நின்று, எந்தப் பக்கத்திலிருந்து எந்தச் சொல் வருமோ என்று தெரியாமல், வந்த சொல்லைப் பிடித்துத் திருத்தி வளர்ப்பது அரிது. அதற்கு ஆங்கிலம் நாவில் ஓட வேண்டும். பிரபுவின் திட்டமே இதற்குச் சான்று தருகிறது. 1985-இல் பெரெட்டா, டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதனை மதிப்பிட்டனர். அந்தந்த முறைக்கேற்ற தேர்வில் அந்தந்த முறையில் படித்தவர்கள் மேலோங்கினர். இரு சாராருக்கும் பொதுவான தேர்வுகளில் தராசு திட்ட மாணவர் பக்கம் சாய்ந்தது. ஆனால் 1990-இல் பெரெட்டா எழுதிய மற்றொரு ஆய்வு, ஆசிரியப் பயிற்சியாளராக இருந்து வகுப்பெடுத்தவர்கள் அம்முறையைக் கைக்கொண்ட அளவுக்கு, அன்றாடம் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர்கள் கைக்கொள்ள இயலவில்லை என்று காட்டிற்று. குறை அவர்களுடையதா? அவர்களும் 'திஸ் இஸ் எ புக்' சொல்லி வளர்ந்தவர்கள்தாமே! ஆசிரியருக்குப் பேச வாய்ப்பளிக்காத கல்வித்துறை, மாணவரைப் பேச வை என்று அவருக்குச் சுற்றறிக்கை அனுப்புவதில் பொருளில்லை.

நான்காவது, தாய்மொழி. பல நாட்டார் கூடும் மேல்நாட்டு வகுப்பில் அனைவருக்கும் பொதுமொழி ஆங்கிலம் ஒன்றே. ஆகவே அங்கே ஆங்கிலத்தில் பேசுவது இயல்பு. தங்கச்சிமடத்துப் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் தமிழ் இருக்கிறது. அவர்கள் தமக்குள் ஆங்கிலத்தில் பேசுவது நாடகம். அந்த நாடகத்தைத் தண்டனைக்கு அஞ்சி நடத்தச் சொல்லும் தனியார் பள்ளிகளைக் கண்டிருக்கிறோம். தமிழில் பேசினால் தண்டம் கட்டு என்பது அங்கே விதி. உரையாடல் முறை அந்தக் கொடுமைக்குத் துணைபோகலாகாது. கச்சானா, வாடையா என்று பையன் தமிழில் கேட்டதால்தான் ஆங்கிலப் பாடம் பிறந்தது. தமிழ் பாலம், பாலத்தை உடைத்துவிட்டுத் தீவுக்குப் போக முடியாது என்பதைப் பாம்பன்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

அப்படியானால் ஏடா, நாவா? இந்தக் கேள்வியே பிழையாகக் கேட்கப்பட்ட கேள்வி என்கிறோம். ஏட்டுக்கும் நாவுக்கும் பகையில்லை. ஏடு எசமானனாகவும் நா அடிமையாகவும் இருப்பதுதான் தீது. டாக்மே இயக்கத்தார் தம் முன்னோடிகள் என்று போற்றும் இருவரையே பாருங்கள். நியூசிலாந்தில் மவோரி இனப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், அரசு தந்த அன்னிய வாசகத்தை ஒதுக்கினார். ஒவ்வொரு பிள்ளையிடமும், இன்று உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அது அஞ்சும் சொல்லையும் அன்புசெய்யும் சொல்லையும் பெரிய அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். 1963-இல் வெளியான அவர் நூல் இதை விளக்குகிறது. அட்டை ஏடல்லவா? ஆனால் அது பிள்ளையின் வாயிலிருந்து பிறந்த ஏடு. பிரேசில் நாட்டுப் பாவ்லோ பிரெய்ரே, அதே 1963-இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் உழைப்பாளர் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முனைந்தார். அவர்கள் வாழ்விலிருந்து சொற்களை எடுத்து, அச்சொற்களைச் சுற்றி விவாதம் நடத்தி, அவற்றிலிருந்தே எழுத்துகளைப் பிரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவரைச் சிறையில் தள்ளினர். எழுத்தறிவித்த ஆசிரியரைக் கண்டு துப்பாக்கி ஏந்தியவன் ஏன் அஞ்சினான்? பேசக் கற்றவன் எழுதக் கற்றால், அடுத்துக் கேள்வி கேட்பான் என்பதால்!

நம் நாட்டிலும் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சீர்திருத்த இயக்கம் சிற்றூர்களில் நிறுவிய படிப்பகங்களை நினைவு கூருங்கள். செய்தித்தாள் ஒன்று, படிக்கத் தெரிந்தவர் ஒருவர், கேட்பவர் பதின்மர், கேள்விகள் நூறு. தேநீர்க் கடையும் முடிதிருத்தகமும் வகுப்பறைகளாயின. அங்கே ஏடு இருந்தது. ஆனால் அது கும்பிடுவதற்கு இல்லை, விவாதிப்பதற்கு இருந்தது.

ஆகவே நாம் வேண்டுவது இவை. கடற்கரைப் பள்ளிகளில் ஆங்கில வகுப்பின் முதல் பத்து நிமிடம் பிள்ளையின் பேச்சுக்கு உரியதாகட்டும்; அன்று பின்வரிசையிலிருந்து தொடங்கட்டும். அப்பேச்சிலிருந்து தேர்ந்த வாக்கியங்களை வகுப்பே ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். ஆண்டு முடிவில் அது அவ்வூர்ப் பிள்ளைகள் ஆக்கிய நூலாகப் பள்ளி நூலகத்தில் இடம் பெறட்டும். அரசு தரும் பாடநூல் நிற்கட்டும். அதனுடன் இன்னும் நூறு நூல்கள் வரட்டும். ஆசிரியர்கள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசிப் பழகப் பணிநேரத்திலேயே பொழுது ஒதுக்கப்படட்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தேர்வு மாறட்டும். வினாவுக்கு விடை எழுதுபவருக்கு மட்டுமே மதிப்பெண் என்ற நிலை நீங்கி, நல்ல வினா எழுப்புபவருக்கும் மதிப்பெண் உண்டு என்ற நாள் வரட்டும். தேர்வு மாறாதவரையில் எந்த முறை வந்தாலும் 'கைடு'தான் வெல்லும்.

இளைஞர்களே, இவை நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மண்டபத்திலோ தொண்டியிலோ மாலையில் ஒரு திண்ணை கிடைக்காதா? இம்முறை எல்லாருக்கும் கதவு திறந்த திண்ணை! அங்கே ஒரு செய்தித்தாளையும், ஓர் அகராதியையும், ஒரு கரும்பலகையையும் வைத்துப் பத்துப் பிள்ளைகளைக் கூட்டுங்கள். ஆங்கிலத்தில் அவர்கள் முதன்முதல் கற்கவேண்டிய சொல் 'எஸ்' அன்று, 'சார்' அன்று. 'ஒய்' என்ற சொல். தீவுக்கு ஏன் போகக்கூடாது? எங்கள் மீனுக்கு ஏன் இந்த விலை? எங்கள் கடலைப் பற்றிய முடிவு ஏன் எங்களுக்குப் புரியாத மொழியில் வருகிறது? ஏன் என்று தமிழில் கேட்கத் துணிந்த பிள்ளை, அதனை ஆங்கிலத்திலும் கேட்கட்டும். கேட்டதை எழுதட்டும். எழுதியதைப் படித்துக் காட்டட்டும். விடை சொல்லவேண்டியவர்கள் விடை சொல்லியே தீரவேண்டிய நாள் அன்றுதான் பிறக்கும்.